பாலத்தின் நடுவே ஒரு கோடு!

ட்ரிங்... ட்ரிங்...

சமையல் மேடையில் கிடந்த செல்போன் துடித்தது.

டோரீன் ஷைமர் எடுத்தாள். நாற்பது வயது. வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் கவனிக்கிற நர்ஸ். டியூட்டி முடித்து வந்து அரைமணிகூட ஆகவில்லை. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"ஹலோ?"

எதிர்முனையில் முதலில் வந்தது ஓர் அலறல்.

"அம்மாஆஆ...!"

அது டெஸ்ஸியின் குரல்! ஒன்பது வயது மகள். இந்நேரம் பள்ளிக்கூடத்தில் கணக்கு போட்டுக்கொண்டிருக்க வேண்டியவள்!

அடுத்து ஓர் ஆண் குரல். நிதானமாக. சிரித்தபடி.

"என்ன டோரீன்... பழைய புருஷன் குரல் ஞாபகம் இருக்கா?"

"கர்ட்! டெஸ்ஸிய என்ன பண்ணினே?"

"பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு டீச்சர்கிட்ட சொன்னேன். பாவம், நம்பி அனுப்பிட்டாங்க. ஆத்து மேல ஃப்ரீ பிரிட்ஜ் தாண்டினதும் ஒரு பெட்ரோல் பங்க் இருக்குல்ல... அங்கதான் நிக்கறோம். பத்து நிமிஷம் டைம். வரலேன்னா கிளம்பிடுவோம். ரொம்ப... ரொம்ப தூரம்."

"செவ்வாய்க்கிழமை கோர்ட் இருக்கு! குழந்தை யார்கிட்ட வளரணும்னு ஜட்ஜ் சொல்லப் போறாரு! அதுக்குள்ள..."

"அதுக்குள்ள நீ போலீசுக்கு ஒரு போன் போட்டுப் பாரேன். ட்ரக் பறந்துடும்."

க்ளிக்!



சாப்பாட்டு மேசையில் இன்னொரு ஜோடிக் காதுகள் விறைத்து நின்றன.

பக்கத்து வீட்டு ஆர்லீன் ட்ராக்ஸல். எழுபத்தொரு வயது. வெல்லப்பாகு கேக்கோடு வந்து உட்கார்ந்து பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னல் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த வீட்டுக் குப்பையில் எத்தனை பீர் பாட்டில் கிடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேக் என்பது உள்ளே வருவதற்கு ஒரு சாக்கு. அவ்வளவுதான்.

"யாருடி அது? கர்ட்தானே? அவனேதான்! என்ன சொன்னான்?"

டோரீன் ஆணியில் மாட்டியிருந்த பழுப்புக் கைப்பையைப் பிடுங்கித் தோளில் போட்டாள். ஓடினாள்.

பையில் வீட்டுச் சாவி. மாத்திரைப் பட்டியல். லிப்ஸ்டிக்.

ஒரு துப்பாக்கி.

ஒரு வருடமாக அது அந்தப் பையிலேயே கிடக்கிறது. கர்ட் அவள் கையை உடைத்த மாதம் வாங்கியது. ஷெரிஃப் ஆபீஸ் கொடுத்த லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது. எல்லாம் சட்டப்படி. சுத்தமாக.

பென்சில்வேனியா சட்டப்படி!

பையைப் பக்கத்து சீட்டின் காலடியில் எறிந்தாள். கார் உறுமியது. பக்கத்துக் கதவு திறந்தது. துணிப்பையில் கேக் டின்னோடு ஆர்லீன் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்கு ஆன்ட்டி?"

"சாட்சி வேணாமா? வண்டிய எடு!"

முட்டிவலிக்காரி. மாடிப்படி ஏற மாட்டாள். மாதா கோவிலில் மண்டி போட மாட்டாள். ஆனால் ஒரு விவகாரம் என்றால் அந்த முட்டிக்கு எங்கிருந்துதான் எண்ணெய் வருமோ!

ஈஸ்டன் தெருக்கள் பின்னால் ஓடின. மூன்றாவது நிமிடம் பாலம் வந்தது. கீழே டெலாவேர் ஆறு. மேலே இரும்புச் சட்டங்கள். பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாத பாலம். முன்னால் ஏழெட்டு கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

டோரீன் ஸ்டீரிங்கைக் குத்தினாள்.

"நகருங்கடா! என் பொண்ணு...!"

"டோரீன்... எனக்கு ஒண்ணு புரியலை."

"இப்பவா ஆன்ட்டி?"

"நம்ம பக்கமே நாலு பங்க் இருக்கே. அவன் ஏன் ஆத்துக்கு அந்தப் பக்கம் போனான்?"

"நியூஜெர்சில பெட்ரோல் விலை கம்மி. எல்லாரும் அங்கதானே போடறோம்..."

"குழந்தையக் கடத்திட்டுப் போறவன் நாலு காசு மிச்சம் பிடிப்பானா? பத்து நிமிஷம் நின்னு உனக்காகக் காத்திருப்பானா? அவனுக்கு நீ அங்க வரணும்டி. உன் பையில என்ன இருக்கு?"



"துப்பாக்கி. லைசென்ஸ் இருக்கு."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"...தெரியும்."

ஆர்லீனின் முகம் வெளுத்தது.

"காரை நிறுத்து!"

கார் நின்றது. பாலத்தின் பாதி. பத்தடி முன்னால், இரும்புத் தூணில் ஒரு பலகை. மாநில எல்லை. பலகைக்கு இந்தப் பக்கம் பென்சில்வேனியா. அந்தப் பக்கம் நியூஜெர்சி.

பாலத்தின் அந்தக் கோடியில்...

சிவப்பு. நீலம். சிவப்பு. நீலம்.

போலீஸ் கார்! ஒவ்வொரு வண்டியாக உற்றுப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உன் லைசென்ஸ் அந்தப் பலகை வரைக்கும்தாண்டி செல்லும்," ஆர்லீனின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அதுக்கு அப்புறம் அது வெறும் அட்டை. என் தம்பி பையன் வெர்னன் ஞாபகம் இருக்கா? நியூஜெர்சி கடற்கரைக்குப் போனான். இங்க வாங்கின லைசென்ஸ், சீட்டுக்கு அடியில துப்பாக்கி. டயர் பஞ்சர்னு நின்னவனுக்கு உதவ வந்த போலீஸ்காரர்கிட்ட இவனே வாயால சொன்னான்."

"சொன்னா?"

"அஞ்சு வருஷம். மூணரை வருஷம் முடியாம வெளிய விட மாட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் வெச்சிருந்தேன்னு அழுதான். ஜட்ஜுக்கே கண்ணு கலங்கிடுச்சாம். 'குறைக்கறதுக்கு எனக்கு வழி இல்லைப்பா'ன்னாராம்."



"மூணரை வருஷமா... டெஸ்ஸிக்கு அப்ப..."

"பதிமூணு நெருங்கிடும். அதுவரைக்கும் யார்கிட்ட வளருவா?"

சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் தெரியும்.

கர்ட்!

பின்னால் ஹாரன்கள் கத்தின. திரும்ப இடம் இல்லை. பின்னால் போக வழி இல்லை.

"நான் பையோட இறங்கி நம்ம பக்கம் நடந்துடறேன்," என்றாள் ஆர்லீன்.

"இந்த முட்டியோடயா? நடுப்பாலத்துல கதவைத் திறந்தா அங்க இருந்தே பாத்துடுவாங்க! ஏற்கனவே பாக்கறாங்க ஆன்ட்டி... பாக்கறாங்க...!"

உண்மைதான். அந்தக் கோடியில் ஓர் இளம் போலீஸ்காரன் இவர்கள் காரை நோக்கிக் கையசைத்தான். வா!

டோரீனின் கண்கள் அந்த விளக்கைவிட்டு நகரவில்லை. உதடுகள் மட்டும் ஏதோ ஜெபித்தன.

பக்கத்தில் ஆர்லீன் குனிந்தாள். காலடியில் எதையோ துழாவினாள். நிமிர்ந்தாள்.

"என்ன ஆன்ட்டி?"

"டிஷ்யூ."

கார் பலகையைத் தாண்டியது.

போலீஸ்காரன் ஜன்னலருகே வந்தான். சட்டையில் பெயர்: டெலூக்கா. மிஞ்சினால் இருபத்தாறு வயது.

டோரீனின் இரண்டு கைகளும் தாமாக ஸ்டீரிங் மேல் ஏறின. விரல்கள் விரிந்தன. பழக்கம்! தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கிளெட்டஸ் மோயர் நடத்துகிற துப்பாக்கி வகுப்பு. ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள்தான். 'போலீஸ் நிறுத்தினா கை ரெண்டும் கண்ணுக்குத் தெரியணும். முதல் வார்த்தையே லைசென்ஸ் இருக்கு, துப்பாக்கி இங்க இருக்குன்னு சொல்லணும். அதுதான் மரியாதை.' நூறு தடவை ஒப்பிக்க வைப்பார் மனிதர்.

"சார்... முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன்... என் பையில..."

"இவ பையில ஒரு டிஷ்யூகூட இல்ல தம்பி!" ஆர்லீன் பாய்ந்தாள். "குழந்தையக் காணோம்னு அழுதுட்டே வர்றா! மூக்கு துடைக்கத் துணி இல்ல! உங்ககிட்ட இருக்கா?"

டெலூக்கா குழம்பினான்.

"எங்களுக்கு ஒரு போன் வந்தது. நீலக் கார், நர்ஸ் டிரெஸ், கைப்பையில துப்பாக்கி, பழைய புருஷனைச் சுட வர்றாங்கன்னு. அந்தப் பையைக் கொஞ்சம் பாக்கலாமா மேடம்?"

முடிந்தது.

டோரீன் பையை நீட்டினாள். ஒன்பது வயது முகம் ஒன்று கண்ணுக்குள் மங்கியது.

டெலூக்கா பானெட் மேல் பையைக் கவிழ்த்தான்.

சாவி... மாத்திரைப் பட்டியல்... லிப்ஸ்டிக்... பர்ஸ்... பாதி தின்ற சாக்லேட்...

அவ்வளவுதான்!

பையை உதறினான். உள்ளே கைவிட்டான். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். டிக்கியைத் திறந்து பார்த்தான்.

ஒன்றும் இல்லை!

டோரீன் ஆர்லீனைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. எங்கே?

"அப்புறம் சொல்றேன்."

எழுபத்தொரு வருட வாழ்க்கையில் ஆர்லீன் ட்ராக்ஸல் 'அப்புறம் சொல்றேன்' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"மடியில என்ன பாட்டிம்மா?"

"வெல்லப்பாகு கேக். ஒரு துண்டு வெட்டட்டா?"

"டியூட்டில இருக்கேன். வேண்டாம்." தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். "ஸாரி மேடம். யாரோ வீணா அலைய விட்டுட்டாங்க."

"அந்த யாரோ என் பொண்ணை வெச்சுக்கிட்டு அந்த பங்க்ல நிக்கறான் சார்!" டோரீன் வெடித்தாள். "ஸ்கூல்ல பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான்! செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவ என்கிட்டதான் இருக்கணும்னு கோர்ட் ஆர்டர் இருக்கு!"

டெலூக்காவின் முகம் மாறியது.

"எங்களுக்கு வந்த போன்கூட அந்த பங்க் பக்கத்துல இருந்துதான். என் பின்னாடியே வாங்க!"

பங்க்கில் ஒரே சத்தம்.

கர்ட் கறுப்பு ட்ரக்குக்கு வெளியே நின்று பெட்ரோல் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பங்க்காரர் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

"நியூஜெர்சி சட்டப்படி நாங்கதான் போடணும் சார்! நீங்க உள்ள உக்காருங்க!"

"எனக்குப் போடத் தெரியும்யா! விடு!"

"பென்சில்வேனியாக்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க!"

போலீஸ் காரைக் கண்டதும் கர்ட்டின் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. பின்னால் டோரீனின் கார் வந்தது. கையில் விலங்கு இல்லாமல் டோரீன் இறங்கினாள்.

சிரிப்பு செத்தது.

"போன் பண்ணினது நீங்கதானா?" என்றான் டெலூக்கா. "ட்ரக்கு மேல கையை வைங்க. அடையாள அட்டை எங்க?"

கர்ட்டின் இரண்டு கைகளும் தாமாக எழுந்தன. ட்ரக்கின் மேல் படிந்தன. விரல்கள் விரிந்தன.

வாய் திறந்தது. கிளெட்டஸ் மோயரின் மாணவன் ஆயிற்றே!

"சார், முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். லைசென்ஸ் இருக்கு. டேஷ்போர்டுல லோடு பண்ண துப்பாக்கி இருக்..."

நின்றான்.

பங்க்காரர் நின்றார். குழாயில் சொட்டிய பெட்ரோல்கூட நின்றது மாதிரி இருந்தது.

"எந்த ஊரு லைசென்ஸ்?" டெலூக்கா மெதுவாகக் கேட்டான்.

பதினைந்து வருடமாக கர்ட் பெல்ட் மாதிரி கூடவே வைத்திருந்த துப்பாக்கி. அவளுக்கு ஆற்றின் நடுவே கோடு போட்டவன், தானும் அதே கோட்டைத் தாண்டித்தான் வந்தோம் என்பதை மறந்துவிட்டான்!

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

ட்ரக்கிலிருந்து டெஸ்ஸி குதித்து ஓடி வந்தாள். தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"அம்மா... இனிமே உன்னைப் பார்க்கவே முடியாதுன்னு அப்பா சொன்னாரு..."

"நான் இருக்கேன்டி தங்கம். எங்கயும் போகல."

டெலூக்கா மண்டி போட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். நல்ல பையன். அவன் வீட்டிலும் ஒன்று இந்த வயதில் இருக்கலாம், தங்கச்சியோ யாரோ.

"பயப்படாதே பாப்பா. மத்தியானம் ஏதாவது சாப்பிட்டியா?"

டெஸ்ஸி தலையாட்டினாள். இல்லை.

"அட, கேக் இருக்கே! பாட்டிம்மா, ஒரு துண்டு குடுங்களேன்."

"வேணாம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லீன் துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"வீட்டுக்குப் போய் வெட்டிக்கலாம்... கத்தி இல்ல... ஆறிப்போச்சு..."

யாருக்கும் கேக் வேண்டாம் என்று சொன்னவள் இல்லை ஆர்லீன். வேண்டாம் என்றவர்களையே விட்டவள் இல்லை.

"நான் எடுத்துக்கறேன்மா. நீங்க சிரமப்படாதீங்க."

நல்ல எண்ணத்தோடுதான் கையை நீட்டினான் டெலூக்கா. துணிப்பைக்குள்ளிருந்து டின்னைத் தூக்கினான்.

டின்னுக்கு அடியில்...

கறுப்பாக. கனமாக.

துப்பாக்கி!

டோரீன் முன்னால் வந்தாள். "சார், அது என்..."

"வாயை மூடுடி!" ஆர்லீன் சீறினாள். "பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே! தம்பி, என் துணிப்பை. என் மடி. நான்தான் எடுத்தேன். அவகிட்ட கேக்கவே இல்ல. அடுத்தவ பையைக் குடையறது எனக்குப் பழக்கம். எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க!"

"ஆன்ட்டி...!"

"செவ்வாய்க்கிழமை கோர்ட்ல யாரு நிக்கணும்? பொண்ணு கையைப் பிடி. விடாதே."

டோரீன் பேச வாயைத் திறந்தாள். டெஸ்ஸியின் பிடி இறுகியது. வாய் மூடிக்கொண்டது. கண்ணீர் மட்டும் வழிந்தது.

டெலூக்கா கண்களை இறுக மூடித் திறந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய?

"ஏம்மா எடுத்தீங்க?"

"இந்தக் குழந்தையோட அம்மா ராத்திரி வீட்ல இருக்கணும்னு."

"எங்க ஃபாரத்துல 'ஏன்'னு எழுத இடமே இல்லம்மா. யாரு, எங்க, என்ன. அவ்வளவுதான்."

அவனிடம் இருந்தது இரண்டு ஜோடி விலங்கு. ஒன்று கர்ட்டுக்கு. இன்னொன்று, ரொட்டி பிசைந்து பிசைந்து வீங்கிய அந்த மணிக்கட்டுகளுக்கு. பூட்டும்போது அவன் கை நடுங்கியது. அவள் கை நடுங்கவில்லை என்று பங்க்காரர் இன்றும் சொல்கிறார். பொய். நடுங்கியது.

எழுபத்தொன்று. கூட மூன்றரை.

"கேக் டின்னைக் கழுவி வை டோரீன். என் ஜன்னல்ல உக்காந்து தெருவைப் பாத்துக்கோ. எதையும் விடாம எழுதி அனுப்பு."

இரண்டாவது போலீஸ் கார் வந்தது. டெலூக்கா கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கைவைத்து உட்கார வைத்தான்.

ஆர்லீன் கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். குரலில் லேசான தடுமாற்றம். கண்ணில் மட்டும் பழைய பளபளப்பு.

"தம்பி... அங்க என் பக்கத்து ரூம்ல யாரு இருப்பாங்க? என்ன கேஸு?"