தூண் பிடிக்கும் நாள்

சலவைக்கு வந்த சட்டைகளில் ஒன்று அதிகமாக இருந்தது.

கன்னியம்மா மறுபடி எண்ணினாள். இந்த வருஷம் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருபது பேர். சட்டை இருபத்தொன்று. எவன் எண்ணி அனுப்பினானோ, கண்ணு அவிஞ்சவன் என்று திட்டிக்கொண்டே கடைசிச் சட்டையைத் தூக்கினாள். அது மட்டும் நனைந்து கனத்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை அடித்தது.

மைதானத்தின் நடுவே, சண்டையில் இறந்தவர்களுக்காக நட்ட கருங்கல் தூண் ஒன்று உண்டு. ஜூன் மாத உச்சி வெயிலில் புதுப் பையன்கள் ஒவ்வொருவராக வெற்று மார்போடு அதைக் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும். சீனியர்கள் ஆயிரம் எண்ணி முடிக்கும்வரை விடக்கூடாது. அப்போதுதான் ஆம்பளையாம், சிப்பாயாம். வெந்துபோன மார்போடு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். இன்று அவள் மகன் சேகரும் அந்த வரிசையில் நிற்கிறான்.

அவள் சட்டைக் காலரைத் திருப்பினாள். சேராங்கொட்டை மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு. யார் துணி என்று தெரிய அவளே போட்ட சலவைக் குறி. பாக்கியநாதனின் குறி.

போன வருஷம் அந்தச் சட்டையை வெள்ளாவி அடுப்பில் போட்டு எரித்தவளும் அவள்தான்.

பாக்கியநாதன் அத்திப்பட்டுப் பையன். நல்ல பிள்ளை. அவள் ஒண்டியாகப் போர்வை பிழிவதைப் பார்த்தால் ஓடி வருவான். "இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன், அந்தப் பக்கம் நீங்க புடிங்கம்மா" என்பான். இருவரும் எதிரெதிராக முறுக்குவார்கள். அவனுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. அவன் சொல்லியும் கேட்காமல் சீனியர்கள் பெல்ட்டால் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள், பாவிகள். ஆயிரம் முடிவதற்குள், கழற்றி இடுப்பில் கட்டியிருந்த சட்டையெல்லாம் நனைய ரத்தம் கக்கிச் செத்துப்போனான்.

சுபேதார் அரசப்பன் அந்தச் சட்டையைக் கொண்டுவந்து போட்டார். "இத்த எரிச்சுடு. வாயத் தொறக்காத. அடுத்த வருஷம் உன் புள்ளைக்கு இங்க எடம் வாங்கித் தர்றேன்."

மறுநாள் மேரி வந்தாள், பாக்கியநாதனின் அம்மா. "காய்ச்சல்ல செத்தான்றாங்க. அவன் சட்டைய ஒரு தபா காட்டேன்மா."

"நான் இன்னாத்த கண்டேன்? என்னாண்ட வரலியே" என்றாள் கன்னியம்மா, முகம் பார்க்காமல்.

தூ! என்ன ஜென்மம் நான்.

தண்ணீர்த் தொட்டியில் சட்டையை அமுக்கி, சோப்புப் போட்டுக் கல்லில் அடித்தாள். ரத்தம் போகவில்லை; தொட்டித் தண்ணீரெல்லாம் சிவந்தது. வெளியே காக்கை கூட இல்லாத வெயிலில் சீனியர்களின் எண்ணிக்கை மட்டும் கேட்டது. நானூற்றுப் பத்து. நானூற்றுப் பதினொன்று. மறுபடி காலரைத் திருப்பினாள். எத்தனை வெளுத்தாலும் போகாத மை. புள்ளிகளைக் காணோம். அங்கே இரண்டு கோடுகள் இருந்தன.

சேகரின் குறி.

ஓடினாள். ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. மண் சுட்டது.

"ஏய்! எங்க வர்ற? பொம்பளைங்க இங்க வரக்கூடாது!" அரசப்பன் குறுக்கே வந்தார்.

சட்டையை அவர் முகத்திலேயே அடித்தாள். "போய்யா! உன் எடமும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்! கொன்னீங்களேடா அந்தப் புள்ளைய! நாந்தான் எரிச்சேன், நாந்தான் பொய் சொன்னேன். மேரியாண்ட சொல்றேன், கோர்ட்டாண்ட சொல்றேன். எம்புள்ளைய உடு!"

ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. யாரும் எண்ணுவதை நிறுத்தவில்லை. எழுநூறு. எழுநூற்று ஒன்று.

தூணைக் கட்டிக்கொண்டு நின்றது சேகர்தான். கன்னத்தைக் கல்லில் வைத்து அவளையே பார்த்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

"கைய உடுடா! வந்துடுடா!"

அவன் கையை எப்போதோ விட்டிருந்தான். இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின.

ஆனாலும் விழவில்லை.

தூணின் மறுபக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து அவன் முதுகைக் கட்டியிருந்தன. வெந்து தோலுரிந்த கைகள். மறுபக்கம் ஆள் இல்லை. வெயில் மட்டும்.

அவள் பாய்ந்து மகனின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கைகள் மெதுவாக, பழகிய விதத்தில், அவன் உடம்பை ஒரு பக்கமாக முறுக்கத் தொடங்கின. எலும்பு நொறுங்கியது. அவள் இழுக்க இழுக்க முறுக்கு இறுகியது. கல்லுக்குள்ளிருந்து, காதுக்கு மிக அருகில், அந்த மரியாதையான குரல் கேட்டது.

"அப்படித்தான். அந்தப் பக்கம் நீங்க புடிங்கம்மா."