இரண்டாவது சாட்சி

ஞாயிறு பாடசாலை நாடகத்தில் ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது இரண்டாவது சாட்சியின் வேடம். பேசுவதற்கு ஒரே ஒரு வரி: "நாபோத் அரசனைத் திட்டியதை நானும் கேட்டேன்."

வேதாகமக் கதை அவளுக்குத் தெரிந்ததுதான். ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்படுகிறான். நாபோத் கொடுக்க மறுக்கிறான். அரசி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்கிறாள். நாபோத்தைக் கொன்றுவிடுகிறார்கள். தோட்டம் அரசனுக்குப் போகிறது. பிறகு கடவுள் தண்டிக்கிறார்.

"டீச்சர், பொய் சொன்னதுக்கு இந்தச் சாட்சிக்கு என்ன கிடைச்சிச்சு?"

சுதர்சினி டீச்சர் யோசித்தார். "வேதாகமத்துல அது இல்லம்மா."

"அவரோட பேரு?"

"அதுவும் இல்ல. சின்ன வேஷம்தானே. சத்தமா சொன்னா போதும்."

ஜெசிந்தாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. எல்லோரும் அரசனையும் அரசியையும்தான் கெட்டவர்கள் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேர் அந்த விசாரணையில் இருந்தார்களே! ஒருவராவது நாபோத்திடம், "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாரா?

அன்று முதல் அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். மீன் புதுசு என்று அப்பா சொன்னால், "யாரு சொன்னது?" என்றாள். தம்பி பல் தேய்த்துவிட்டேன் என்றால், பிரஷ் ஈரமா என்று தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை, கெலிஓயாவில் அவள் படிக்கும் பாடசாலையில், எட்டாம் வகுப்பு ஹாஷிம் அவளைத் தேடி வந்தான். வழக்கமாக அவன் ஆறாம் வகுப்புப் பக்கம் தலைவைத்தும் பார்க்கமாட்டான்.

"உனக்கு நெட்போல் டீம்ல இடம் வேணுமா? எங்க தாத்தாதான் கெப்டன்." ஹாஷிம் வீட்டில் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள்.

ஜெசிந்தாவுக்கு அந்த டீமில் சேரக் கொள்ளை ஆசை. ஆனாலும், "ஏன் திடீர்னு?" என்று கேட்டாள்.

"தோட்டத்துப் பைப்ப உங்க வகுப்பு ஸிபான் ஒடச்சிட்டான். எங்க வகுப்பு சுரேஸ் பார்த்திருக்கான். நீயும் பார்த்ததா முத்துலிங்கம் சேர்கிட்ட சொல்லு."

"நான் பார்க்கலையே."

"சுரேஸ் பார்த்தானே."

"அப்ப நான் எதுக்கு?"

"ஒரு ஆள் சொன்னா சேர் நம்பமாட்டார்."

ஜெசிந்தா தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். பைப்புக்குப் பக்கத்தில் இருப்பது ஆறாம் வகுப்பின் பாத்தி. ஸிபான் அங்கே வெண்டி போட்டிருந்தான். ஹாஷிம் வகுப்பின் பாத்தி மேலே, காய்ந்த மேட்டில். அடுத்த மாதம் தோட்டப் போட்டி.

"ஸிபானுக்குத் தண்டனை குடுத்தா, அந்தப் பாத்தி யாருக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஹாஷிம் போய்விட்டான்.

இடைவேளையில் தோட்டப் பொறுப்பாசிரியர் முத்துலிங்கம் சேர் எல்லோரையும் அங்கே அழைத்தார். ஸிபான் சேற்றுக் கையோடு தலை குனிந்து நின்றான்.

"ஸிபான் பைப்ப ஒதச்சத நான் பார்த்தேன் சேர்," என்றான் சுரேஸ், மனப்பாடம் செய்தவன் போல.

சேர் ஜெசிந்தாவைப் பார்த்தார். "நீயும் பார்த்தியாமே?"

பின்னால் ஹாஷிம் தொண்டையைச் செருமினான். தினமும் ஒரே பஸ்ஸில்தான் இருவரும் வீடு போக வேண்டும்.

"இல்ல சேர். நான் ஒண்ணும் பார்க்கல. பார்த்ததா சொல்லச் சொன்னாங்க."

சேர் சுரேஸின் பக்கம் திரும்பினார். சுரேஸ் ஹாஷிமைப் பார்த்தான். பிறகு தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான். "நானும் பார்க்கல சேர்."

"சேர், ஸிபான்கிட்டயும் கேளுங்க," என்றாள் ஜெசிந்தா.

சேருக்கு முகம் சிறுத்தது. "ஆமா, கேட்டிருக்கணும். சொல்லுப்பா."

"காலைல வந்தப்பவே ஒடஞ்சிருந்திச்சு சேர். தண்ணி வீணாகுதேன்னு துணி கட்டினேன்."

சேர் துணியை அவிழ்த்துப் பைப்பைத் தடவினார். விரலில் துரு உதிர்ந்தது.

"ஹாஷிம் நானா," என்று அண்ணனை அழைப்பதுபோல மெதுவாகச் சொன்னான் ஸிபான், "தண்ணிதான் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. ஒரு ஹோஸ் போட்டா மேட்டுக்கும் போகும்."

ஹாஷிமின் காது சிவந்தது. மறுநாள் ஹோஸைத் தோளில் சுமந்து வந்தவன் அவன்தான்.

நெட்போல் டீமில் ஜெசிந்தாவுக்கு இடம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஹாஷிம் சில நாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெண்டி காய்த்தபோது ஸிபான் ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தார். "யாரு தோட்டத்துல பறிச்ச?"

"நான் பறிக்கல. தோட்டக்காரரே பறிச்சுக் குடுத்தாரு," என்றாள் ஜெசிந்தா.