விடாப்பிடி

அந்தோணிசாமி செத்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் செங்கமலத்தின் கைகள் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டேயிருந்தன.

அவள் அழுத்தவில்லை; கைகள் அழுத்தின. அந்த வித்தியாசம் அவளுக்குத்தானே தெரியும்! தோள்பட்டை இற்று விழுந்தது, முட்டி தேய்ந்து தோலுரிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே மட்டும் வேறு யாரோ குடியேறிவிட்டமாதிரி இரண்டு கைகளும் தாளம் தப்பாமல் ஏறி இறங்கின. வெள்ளம் சூழ்ந்த பள்ளிக்கூடத்தில் பாதி ஊர் ஒண்டியிருந்தது. புயலில் செல்பேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டதால் மருத்துவ மையத்தோடு பேச வழியில்லை.

இதற்குப் பெயர் கைப்பாடம். முன்பெல்லாம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலுதவி சொல்லித்தரப் பொம்மை, படம், புத்தகம், வகுப்பு என்று எத்தனை பாடு! இப்போது முன்கையில் ஓர் ஊசி, அவ்வளவுதான். பாடம் நரம்பில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நோயாளியைத் தொட்டால் போதும், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். ஒரே குறை, சிலர் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுவார்கள். அதற்கு வழி கண்டவள் பயிற்சியாளர் செங்கமலம்தான். நெஞ்சை அழுத்த ஆரம்பித்த கை நிற்கவே கூடாது. மையத்து மருத்துவர் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பாடம் ஏறிய வேறொரு கை வந்து மாற்ற வேண்டும். அந்த விதிக்கு விடாப்பிடி என்று பேர் வைத்து, மேடையேறிப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டாள்.

பணியாளர்கள் சொல்லக்கூடிய சாக்குப்போக்குகளுக்கெல்லாம் பதிலையும் அவளே தன் குரலில் பதிந்து கொடுத்திருந்தாள்.

"உடம்பு சில்லிட்டுப் போச்சு, விட்டுரு," என்று இப்போது கெஞ்சினாள்.

"செத்துட்டாருன்னு சொல்ல நீ என்ன டாக்டரா கண்ணு? அழுத்து," என்றது காதில் செருகியிருந்த செவிமணிக் கருவி, அவள் குரலிலேயே. ஓங்கி ஓர் அறை விடலாம்போல் வந்தது. அதற்கும் கை வேண்டுமே!

பக்கத்து வகுப்பறையிலிருந்து அலறல் கேட்டது. அந்தோணிசாமியின் மகள் செலினுக்குக் காலையிலேயே வலி கண்டிருந்தது. அவர் மனைவி மரியபுஷ்பம் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"நர்சம்மா, பிள்ளைக்குக் கால் முன்னால வருது! இவரு போயிட்டாரு, என் புருசன், நானே சொல்றேன், போதும் விடுங்க. அவளை வந்து பாருங்க!"

"கை வரமாட்டேங்குதும்மா! இழுங்க, என்னைப் பிடிச்சு இழுங்க!"

நாலு பேர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கைகள் செத்தவரின் சட்டையைக் கவ்விக்கொண்டன. உடம்பும் கூடவே நகர்ந்து வந்தது. "ஐயோ சேசுவே, அவரை இழுக்காதீங்க!" என்று மரியபுஷ்பம் கதறினாள். விட்டுவிட்டார்கள்.

பிரசவப் பாடம் அந்த ஊரில் செங்கமலத்தின் கைகளில் மட்டும்தான் இருந்தது. வாயால் சொல்லி வேறு யாரையாவது செய்ய வைக்கலாமென்றால், கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியாதே! எத்தனையோ பிரசவம் பார்த்தவள், கால் முன்னால் வந்தால் என்ன செய்வதென்று ஒரு வார்த்தை சொல்ல வராமல் விழித்தாள். வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் படகிலிருந்து இறங்கி நனைந்த புடவையோடு ரெஜினா ஓடிவந்தாள். சமீபத்தில் ஊசி போட்டுக்கொண்ட புதுப் பணியாளர். அவள் கையிலிருந்த பாடம் நெஞ்சழுத்தம் ஒன்றுதான்.

"அக்கா, மாத்தணுமா?" என்று குனிந்தவள், அந்தோணிசாமியின் பிளந்த வாயைப் பார்த்துத் தயங்கினாள். "உசிரு இருக்காக்கா?"

இல்லையென்று சொன்னால் ரெஜினா தொடமாட்டாள். தொட்டால் மாட்டிக்கொள்வாள். மையம் எப்போது பேசும், யார் கண்டது? மரியபுஷ்பம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு செங்கமலத்தையே பார்த்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் செலினின் குரல் தேய்ந்துகொண்டிருந்தது.

"இருக்கு," என்றாள் செங்கமலம். "கைய வை கண்ணு."

ரெஜினா வைத்தாள். மறுகணம் செங்கமலத்தின் கைகள் விடுபட்டன. எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்தே பக்கத்து அறைக்குப் போனாள்.

செலினைத் தொட்டதும் கைகள் வேலையை எடுத்துக்கொண்டன. இடுப்பைப் பிடித்தன, தோளை இறக்கின, தலையைப் பதமாக வெளியே எடுத்தன. நீலம் பாரித்திருந்த பெண் குழந்தை, முதுகைத் தேய்க்கத் தேய்க்க வீறிட்டது. செலின் கண்ணைத் திறந்தாள். மரியபுஷ்பம் அழுதுகொண்டே செங்கமலத்தின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றப் போனாள். செங்கமலம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அக்கா!" என்று ரெஜினாவின் குரல் வந்தது. "இவரு வெறைச்சுப் போயிட்டாருக்கா! கை நிக்கமாட்டேங்குது. பயமா இருக்கு. பிள்ளை பொறந்துருச்சுல்ல, வந்து மாத்துங்கக்கா!"

செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். ரெஜினாவின் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது.

"இதோ வந்துட்டேன் கண்ணு," என்றாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.