தலைமாட்டுப் பச்சை

திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

"அக்கா, வந்துடுச்சு! ரெண்டாவது குப்பியும் ஒத்து வந்துடுச்சு!" தங்கை நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அக்காவுக்கு வயிறெரிந்தது. மரப்பட்டை, பாறை, பாலத்தூண் என்று ஈரம் கண்ட இடமெல்லாம் ஏறி, நிலத்தில் வாழும் பச்சைப் பாசிகளைப் பன்னிரண்டு வருடமாகச் சுரண்டியவள் அவள். மரபணு வரிசையைப் படித்து எந்தப் பாசி எதற்கு உறவென்று சொல்வதுதான் இருவருக்கும் வேலை. இந்த வருடம்தான் வேலைக்கு வந்த தங்கைக்கு, யாரும் அறியாத ஒரு புதுக் கிளையே கிடைத்துவிட்டது. அதுவும் எங்கே? அக்காவின் அறையில், தலையணைக்கு மேல் சுவரிலிருந்த கறையில். அதை அழுக்கென்று நினைத்துத் தினமும் திரும்பிப் படுத்தவள் அவள்.

மறுபரிசோதனை ஒத்துவந்தால்தான் தங்கை பெயரில் கட்டுரை. அதனால் போன வாரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அதே கறையிலிருந்து எடுத்துவைத்த இரண்டாவது குப்பியைக் கொட்டிக் கழுவி, அதில் தன் எச்சிலைத் துப்பி மூடிவைத்தாள். ஒன்றும் வராது, தங்கை மூக்குடைபடுவாள் என்று நினைத்தாள்.

"ஆனா இங்க பாரேன்." தங்கை கிளைப்படத்தில் விரல் வைத்தாள். "ரெண்டாவது குப்பில இருக்கிறதுதான் மூத்தது. முதல்ல எடுத்தது இதுலேருந்து பிரிஞ்சு வந்திருக்கு. ஒரே சுவர்தானே, எப்படி?"

அக்காவின் வாயில் நனைந்த செங்கல் வாடை. காலையிலிருந்தே இருந்தது. இல்லை, பல மாதமாக. பாசி சுவரிலிருந்து அவளுக்கு வரவில்லை. அவள் மூச்சிலிருந்து சுவருக்குப் போயிருக்கிறது.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன். இன்னும் பொறாமையா?"

பொறாமைதான். இந்த நொடியிலும். அது என்னுடையது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கழிவறைக்கு ஓடினாள். தாழிட்டாள். கொப்பளித்தாள். வெள்ளைத் தொட்டியில் வெறும் தண்ணீர். மறுபடியும் வெறும் தண்ணீர்தான். மூச்சு வந்தது.

ஜன்னலில் சாயங்கால வெயில் விழுந்தது. முகம் தானாகத் திரும்பியது. உதடு பிரிந்தது. தாடை இறங்கியது. மூடப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள்.

கண்ணாடியில் நாக்கு பச்சை. அண்ணம் பச்சை. தொண்டை இருட்டுவரை பச்சை.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, மூணாவது குப்பியும் வேணுமாம். எங்கேருந்து எடுக்கலாம்?"

தாடை, வெயிலுக்கு, இன்னும் கொஞ்சம் திறந்தது.