தேயாத டயர்

அன்று ஞாயிறா, திங்களா… சத்தியம் செய்ய மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் நான்தான் ரைட்டர். எழுதிய எனக்கே கிழமை மறந்துவிட்டது.

அந்த டயர் மட்டும் மறக்கவில்லை!

கனகசெட்டிக்குளம் அருகே கார் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே நெடுமாறன். எழுபத்தொரு வயது. உயிர் இல்லை. முன் டயர் வெடித்து நார் நாராகத் தொங்கியது.

புதுச்சேரி உப்பளம் பகுதியில் தனியாக வாழ்ந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரே சொந்தம், அக்கா மகன் செம்மல்.

மத்தியானம் ஸ்டேஷனில் செம்மல் கத்தினான்.

“இவன்தான் மேடம் கொலகாரன்! போன மாசம் மாமா வண்டிக்கு நாலு டயர் மாத்துனான். பழச புதுசுன்னு தலையில கட்டிட்டான்!”

முதலியார்பேட்டை டயர் கடை அம்மாவாசை கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஐயோ… புதுசுதான் மேடம் போட்டேன்!”

எஸ்.ஐ. சிவசங்கரி வெடித்த டயரைப் புரட்டினார். ஓரத்தில் நான்கு எண்கள். 3113.

“2013-ல முப்பத்தோராவது வாரம் செஞ்சது. கோடு தேயல… ஆனா ரப்பர் பூரா வெடிப்பு! உள்ள போறியா அம்மாவாச?”

அம்மாவாசையின் கண் கலங்கியது.

“வாரா வாரம் காத்து செக் பண்ண வருவாரு மேடம். காத்து சரியா இருந்தாலும் வருவாரு. பேச ஆளில்ல. எங்கம்மா திதின்னு இந்த வாரம் கடைய மூடிட்டேன்… தொறந்திருந்தா பாத்திருப்பேனே!”





சிவசங்கரி இறந்தவரின் போனைத் திறந்தார். மொத்தமே ஒரு போட்டோ. புது டயர் பக்கத்தில், அம்மாவாசையின் தோளில் கைபோட்டு நெடுமாறன் சிரிக்கிறார்.

பெரிதாக்கினார்.

1025! 2025-ல் பத்தாவது வாரம்.

“அப்போ இந்த டயர் எங்க?”

ஜன்னலுக்கு நடந்தார். வாசலில் செம்மலின் கார்.

“ரைட்டர், அந்த வண்டியில என்ன நம்பர் பாருங்க.”

ஓடினேன். குனிந்தேன்.

“1025… நாலுமே மேடம்!”

செம்மல் கார் சாவியை மேஜையில் வைத்தான்.

“கொல்லணும்னு நெனைக்கல மேடம்! வாரம் ஒரு தடவ கடல பாக்கப் போற ஆளு… அவருக்கு எதுக்குப் புது டயரு? வண்டிய கழுவித் தரேன்னு முந்தாநாள் எடுத்தாந்து மாத்துனேன். எங்க ஷெட்ல சும்மா கெடந்த டயருதான்… தேயவே இல்லையே!”

“சும்மா கெடந்தாலும் ரப்பருக்கு வயசாவும்டா. எல்லா டயரும் கறுப்புதானேன்னு அதுலயே ஸ்டேஷனுக்கு வந்துட்ட பாரு!”

நெடுமாறனுக்குக் கொள்ளி வைத்தது அம்மாவாசை. அவர் இப்போது எந்த நாளும் கடையை மூடுவதில்லை. சிவசங்கரிக்குக் காரைக்காலுக்கு மாற்றல். நான் அடுத்த மாதம் ரிடையர். உப்பளம் வீட்டுக்கு ஒரே வாரிசான செம்மல் கடலோரக் காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறான்.

வாடகை கிடையாது… கடல் காற்றும் இலவசம்!