ஏழாம் நம்பர் காட்டேஜில் சாப்பாடு

அந்தக் கடற்கரை ரிசார்ட்டில் மற்ற காட்டேஜ்கள் எல்லாம் கார்டு தேய்த்தால்தான் திறக்கும். ஏழாம் நம்பர் மட்டும் மத்தியானம் மூன்று மணி வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளேயிருந்து ஏசிக் குளிரோடு வறுத்த மீன் வாசமும், அதற்கடியில், அப்போதுதான் தோண்டியது போன்ற ஈர மணலின் வாடையும் வந்தன.

ஞானசெல்விக்குக் காதை அடைக்கும் பசி. ஜவுளிக்கடையின் வருடாந்தர டூர். புதுக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் எல்லோரும் வந்தார்கள். ஆனால் மேனேஜர்களுக்கு ரெஸ்டாரண்டில் பஃபே, பில்லிங் பெண்களுக்குக் கார் நிறுத்தும் கொட்டகையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். அதுவும் ஊசிப்போனது.

"பி.காம். படிச்ச திமிரு ஒனக்கு. பேசாம தின்னுடி," என்றாள் பக்கத்து கவுண்டர் ரீட்டா.

பொட்டலத்தை வீசிவிட்டு வந்தவள்தான், இந்தக் கதவுக்குள் நுழைந்தாள்.

தரையில் தலைவாழை இலை. சோறு, நெத்திலிக் குழம்பு, வறுத்த மீன், அவித்த முட்டை, அதிரசம். பக்கத்தில் பிராந்தி, பீடிக்கட்டு, மடிப்புக் கலையாத வேட்டி. மேனேஜர் உதயசூரியனுக்கு ஸ்பெஷல் கவனிப்பு போல. பீடிதான் உதைத்தது. உதைக்கட்டும். வேண்டுமென்றே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாதி இலையைக் காலி பண்ணினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது.

"மெதுவாச் சாப்பிடுங்க. நான் வெளியிலதான் இருக்கேன்."

காலையில் துண்டு கொடுத்த, ரூம் கூட்டும் முத்துமாரியம்மாளின் குரல். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் சாத்தியிருக்கிறாள்.

"அக்கா! உள்ள ஆளு இருக்கேன். தொறங்க!"

 அந்தக் குரல் கதவை ஒட்டி வந்தது.

"வந்துட்டீங்களா? இங்கிட்டு நீச்சல் குளம் தோண்டயில மண்ணு சரிஞ்சு ஒங்கள மூடுனதுலேர்ந்து வருசந் தவறாமப் படைக்கிறேன். இந்தத் தடவ படைக்க இந்த ரூமத்தான் கேட்டு வாங்கியிருக்கேன்."

செத்துப்போன புருசனுக்குப் படையல். செத்தவருக்கு வைத்துவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவள் மாதா கோயிலுக்குப் போகிற ஆவூர் வேதக்காரப் பிள்ளை. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றித்தான் பழக்கம். கண்ணால் பார்த்ததில்லை.

குழம்பு அப்பிய கையோடு கதவை அறைந்தாள். "அக்கா, நான் டூர் வந்த பொண்ணு! நாலு மணிக்குப் பஸ்ஸு! விட்டுட்டுப் போயிருவாங்க!"

"போன வருசமும் இப்படித்தான். ஏதோ ஒரு சின்னப் பொண்ணு கொரல்ல அழுதீங்க. தொறந்தா பாதிச் சோத்தோட போயிருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? முழுசும் சாப்பிடுங்க."

போன வருசம். சின்னப் பொண்ணு.

போன் பஸ்ஸில் சார்ஜில் கிடந்தது. கடல் பக்கம் சுவர் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. அலையே இல்லாத கடல், வெயிலில் தகரம் போல மின்னியது. ரீட்டா நனைந்த சுடிதாரோடு நேராகக் கண்ணாடியை நோக்கி வந்தாள். ஞானசெல்வி இரண்டு கையாலும் அடித்தாள். "ரீட்டா! அடியே!" ரீட்டா ஒரு சாண் தூரத்தில் நின்று, அவள் முகத்துக்கு நேரே குனிந்து, பொட்டைச் சரி பண்ணினாள். முடியை ஒதுக்கினாள். வெளியிலிருந்து அது வெறும் முகம் பார்க்கிற கண்ணாடி. அடித்த அடி தடித்த கண்ணாடிக்குள்ளேயே செத்தது.

ரீட்டா திரும்பிப் போனாள்.

பஸ் ஹாரன். ஒருமுறை.

மறுபடி.

ஏசி நின்றது. சரசரவென்று ஒரு சத்தம். மணல் சரிகிற சத்தம். கடலிலிருந்து இல்லை. அறைக்குள்ளிருந்து.

திரும்பக் கூடாது. திரும்பினாள்.

இலைக்கு அந்தப் பக்கம் ஈர மணல் குவிந்திருந்தது. உட்கார்ந்திருந்தது. கதவுக்கு ஓடப் பார்த்து, ஈர மணலில் வழுக்கி, ஞானசெல்வி இலைக்கு இந்தப் பக்கம் விழுந்தாள்.

மணலிலிருந்து ஒரு கை நீண்டது. நகக்கண் எல்லாம் மண். அவள் மிச்சம் வைத்த சோற்றைப் பிசைந்தது. குழம்பு தொட்டு உருட்டியது. அவள் உதட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கை இறங்கவில்லை.