கொதிக்கக் கூடாத மிசோ

காலையில் எழுந்ததும் சமையல் எந்திரத்திடம் நாக்கை நீட்டிக் காட்டுவது செவ்வாய்க் குடியிருப்பில் பல் துலக்குவது போலத்தான். எந்திரத்துக்கு அட்டிலன் என்று பெயர். மெல்லிய நாடாவால் நாக்கை ஒற்றியெடுத்து, உடம்பில் என்ன குறைகிறது என்று பார்த்து, உணவை வார்த்துத் தரும். "நல்லாருக்கு" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் அதையே போடும். உணவை வீணாக்கக் கூடாத ஊர், வேறென்ன செய்ய?

அன்று இசக்கியப்பன் நாக்கை நீட்டினான். நாடா பச்சையாயிற்று. அவன் மனைவி சிஹோ நீட்டினாள். சிவப்பு. இன்னும் எடை குறைந்தால் அடுத்த கப்பலில் அவளைப் பூமிக்கு அனுப்பிவிடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவனுடைய ஒப்பந்தம் முடியப் பல வருஷம் கிடக்கிறது. அவள் இல்லாமல் இந்தச் செம்மண் காட்டில் அவன் யாரோடு பேசுவான்?

அட்டிலன் அவள் முன்னால் மிசோ சூப்பை வைத்தது. சோயா அவரையை உப்புப் போட்டுப் புளிக்கவைத்த விழுதுதான் மிசோ. வெளிறிய நிறம், லேசான தித்திப்பு, வெதுவெதுப்பான சூடு. கல்யாணமான மறுநாளே, "ஜப்பான் சாப்பாடு போடு" என்று இசக்கியப்பன்தான் ஆசை ஆசையாக ஏற்பாடு செய்தான். சிஹோ இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"ஏளா, ஒங்க ஊரு சூப்புதான? அதயும் குடிக்க மாட்டேன்னா எப்பிடி?"

சிஹோ அவனிடம் தமிழ் படித்தவள். ஆகவே அந்த ஜப்பான்காரியின் வாயில் திருநெல்வேலிதான் வரும்.

"இது கியோத்தோக்காரங்க மிசோ. எங்க ஊரு ஒகசாகி. எங்க மிசோ கன்னங்கரேல்னு இருக்கும், கொஞ்சம் கசக்கும். அம்மா மண்சட்டில தடி நூடுல்ஸ் போட்டு தளதளன்னு கொதிக்க விடுவா."

"இத்தன நாளு வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்ன?"

"நீங்க ஆசையாச் செய்யச் சொன்னீங்க. மனசு கேக்கல, நல்லாருக்குன்னுட்டேன்."

அடிப்பாவி, இதற்காகவா இப்படி இளைத்தாய்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்தை எல்லாம் அட்டிலன் மேல் காட்டினான்.

"ஏலே, ஒகசாகி மிசோவ வார்த்துக் கொதிக்க வையி!"

"மன்னிக்கவும். மிசோவைக் கொதிக்கவிடக் கூடாது. மணம் போய்விடும். ஜப்பானிய முறை அது."

"ஜப்பான்னா ஒரே அடுப்பால? ஊருக்கு ஊரு நாக்கு வேறடா, மடப்பயலே!"

அட்டிலன் கறுத்த விழுதை மட்டும் வார்த்துத் தந்தது. அவனே சட்டியைத் தூக்கி வைத்தான். சாம்பார் மாதிரி கொதிக்க விட்டான். கறுத்த குழம்பு பொங்கிப் பொங்கி அடங்கியது. மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினான். சிஹோ முதல் வாயிலேயே விம்மிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டியை வழித்துத் துடைத்தாள்.

சில வாரங்களில் நாடா பச்சைக்கு வந்தது. மருத்துவர் கப்பல் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்.

அன்று மாலை இசக்கியப்பன் வேலை முடிந்து வந்தபோது, சிஹோ அவன் கண்ணைப் பொத்தி மேசைக்குக் கூட்டிவந்தாள்.

"அட்டிலன்ட்ட இந்தியச் சாப்பாடு கேட்டேன். நானும் கூட நின்னு செஞ்சேன். ஒங்க அம்மா கைப்பக்குவம் வந்துருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

கையை எடுத்தாள். நாண். பக்கத்தில் பனீர் பட்டர் மசாலா, மேலே பாலேடு கோலம்.

தன் ஊர்த் தேங்காய்ப்பால் சொதிக்கும் இஞ்சிப் பச்சடிக்கும் ஏங்கிக் கிடந்தவன் அவன். அவளை நிமிர்ந்து பார்த்தான். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடியே எங்கம்மா வச்ச மாதிரில்லா இருக்கு!" என்றான்.

அட்டிலன் தயங்கியது. "ஐயா, ஓர் ஐயம். தாங்கள் திருநெல்வேலிக்காரர். மனமாரத்தான் சொல்கிறீர்களா?"

சிஹோவின் முகம் லேசாக வாடியது.

"ஒனக்கு என்னல தெரியும்?" என்று இசக்கியப்பன் எகிறினான். "திருநெல்வேலில விடிஞ்சு எந்திரிச்சா இதத்தாம்ல திங்கோம்!"

"திருத்திக்கொண்டேன். குடியிருப்பில் உள்ள திருநெல்வேலிக்காரர்கள் அத்தனை பேருக்கும் நாளைக் காலை முதல் இதுவே."

சிஹோ பூரித்துப்போய் அவன் தட்டில் இன்னொரு நாணை வைத்தாள்.